பெட்டிக்குப் பதிலாக நான் பேசினேன்

கப்பலூர் தொழிற்பேட்டையில் நான் சேர்ந்த கம்பெனியில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, பழுதென்று திரும்பி வரும் பெட்டிகளைத் திறந்து பழுதைக் கண்டுபிடிப்பது. பெட்டி என்று நாங்கள் சொன்னது கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரை. அதற்குள் ஒரு சிம் கார்டும், கரண்ட் போனாலும் அது வேலை செய்ய ஒரு சின்னப் பேட்டரியும் இருக்கும். விவசாயி வீட்டில் இருந்தபடியே அந்த எண்ணுக்கு மெசேஜ் அனுப்பினால் தோட்டத்தில் மோட்டார் ஓட வேண்டும். இன்னொரு மெசேஜ் அனுப்பினால் நிற்க வேண்டும். எந்த நேரத்தில் கரண்ட் வரும் என்று தெரியாமல் மோட்டார் ரூமுக்கும் வீட்டுக்கும் நடப்பவர்களுக்கு அதைவிட நல்ல கருவி வேறில்லை என்று எங்கள் நோட்டீஸில் போட்டிருந்தோம்.

நான் வில்லாபுரத்துப் பெண். எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டுச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல் ஊரிலேயே வேலை வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தவள். ரிங் ரோட்டில் ஸ்கூட்டியை விட்டால் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. முதலாளி, மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் சின்னக் கடையில் ஆரம்பித்து இந்த ஷெட் வரைக்கும் வந்தவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் பாதி வாக்கியத்தில் எழுந்து போய்விடுவார்.

சேர்ந்த சில நாட்களிலேயே எனக்கு ஒரு விஷயம் குழப்பமாகிவிட்டது. திரும்பி வந்த பெட்டிகளில் பழுதே இல்லை. மோட்டாருக்குப் பதில் ஒரு குண்டு பல்பை மாட்டி, கரண்ட் கொடுத்து, மெசேஜ் அனுப்புவேன். பல்பு எரியும். நிறுத்தச் சொன்னால் அணையும். பழுதில்லை என்று சீட்டு ஒட்டி அனுப்பினால், கொஞ்ச நாளில் அதே பெட்டி அதே சீட்டோடு திரும்பி என் மேசைக்கு வரும். மேசைக்குப் பின்னால் இருந்த அலமாரி நிறைந்து, பெட்டிகள் தரையில் அடுக்கப்பட்டன.

ஊர் ஊராகச் சர்வீஸுக்குப் போகும் அண்ணனிடம் கேட்டேன். வேன் கதவைச் சாத்திக்கொண்டே அவர் சொன்னார்.

"நான் போயி நின்னா நல்லா ஓடுதும்மா. வேன எடுத்துட்டு மெயின் ரோட்டுக்கு வாரதுக்குள்ள போன் வந்துரும், ஓடலண்டு. வெட்டியா டீசல்தான் தீருது."

அந்த மாதக் கூட்டத்தில் விற்பனையைப் பார்த்துக்கொண்ட மேனேஜர், வெளியூர்க் கம்பெனி ஒன்றின் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதில் எங்களுடையதைவிடப் பெரிய திரை, டைமர், செல்போனில் படம் படமாகக் காட்டும் ஆப் எல்லாம் இருந்தன.

"நம்ம பெட்டில வசதி பத்தல சார். அதுவும் போக, வாங்குறவங்களுக்குப் படிப்பு இல்ல. ஒழுங்காப் படிச்சுப் பாத்து இயக்குனா எதுக்குத் திரும்பி வருது?"

வாடிப்பட்டியில் எங்கள் பெட்டியை விற்கும் எலக்ட்ரிக்கல் கடைக்காரர் இனிமேல் சரக்கு வேண்டாம் என்று காலையில்தான் சொல்லியிருந்தார். திரும்பி வந்த பெட்டிகளில் பாதி அவர் கடையில் விற்றவை. நான் கையைத் தூக்கி, அண்ணனோடு வேனில் போய் வரட்டுமா என்று கேட்டேன். போ என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு முதலாளி எழுந்து போனார்.

வாடிப்பட்டிக்கு வெளியே ஒரு அக்காவின் வயலுக்குத்தான் முதலில் போனோம். திரும்பத் திரும்ப என் மேசைக்கு வந்த பெட்டி அவருடையது. அவருடைய அம்மாவும் அப்பாவும் அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர் காலத்தில்தான் ஒன்றரை ஏக்கர் சொந்தமாகியிருந்தது. காலை ஷிப்டில் நூல் மில்லுக்குப் போவார். மில்லுக்குள் போனைக் கொண்டுபோக முடியாது. டீ நேரத்தில் வெளியே வந்து எடுத்துப் பார்ப்பார். அதற்காகவே இந்தப் பெட்டியை வாங்கியிருந்தார்.

என்னிடம் போனை நீட்டினார். பெட்டி அனுப்பிய மெசேஜ்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஆங்கிலத்தில். 'கமாண்ட் ஓகே'. 'பேஸ் ஃபெயில்'. 'ட்ரை ரன்'. மறுபடி 'கமாண்ட் ஓகே'.

"ஓகேண்டு வருதுல்ல. சரி, ஓடுதுண்டு நெனச்சு நானும் உள்ள போயிட்டேன். சாயங்காலம் வந்து பாத்தா வாய்க்கால்ல ஈரம் கூட இல்ல. இது பொய் சொல்ற பெட்டி, எனக்கு வேணாம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்களைப் பொறுத்தவரை 'கமாண்ட் ஓகே' என்றால், நீங்கள் அனுப்பிய மெசேஜ் வந்து சேர்ந்தது என்று அர்த்தம். மோட்டார் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடவில்லை என்றால், அடுத்து வரும் 'பேஸ் ஃபெயில்' அதைச் சொல்லும். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதால் மோட்டாரைக் காப்பாற்ற நிறுத்தினால் 'ட்ரை ரன்' என்று சொல்லும். பெட்டி பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலும் சொல்லவில்லை.

யூஎக்ஸ் டிசைன் என்ற சொல்லைக் கல்லூரியில் கேட்டிருந்தேன். செல்போன் ஆப் செய்கிறவர்கள், எந்தப் பொத்தான் எந்த நிறம் என்று பேசிக்கொள்ளும் விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வரப்பில் நின்றபோது, என் மேசையில் குவிந்த பெட்டிகள், அண்ணனின் டீசல், கடைக்காரரின் கோபம் எல்லாமே, கருவி சொல்வது அதை இயக்குகிறவருக்குப் புரிகிறதா என்ற அந்த ஒன்றில்தான் வந்து நிற்கின்றன என்று தோன்றியது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"ஓகேண்டா ஓகேதானம்மா. இதுல என்ன கொழப்பம்?"

சில நாட்களில் அந்த அக்கா கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, பணத்தைத் திருப்பித் தந்தால்தான் எழுந்திருப்பேன் என்று சொல்லிவிட்டார். கடைக்காரர் முதலாளிக்குப் போன் போட்டார். சமாதானம் பேச முதலாளியே கிளம்பினார். என்னையும் காரில் ஏறச் சொன்னார். சர்வீஸ் அண்ணன் அன்றைக்கு வேறு ஊரில் இருந்தார்.

கடையில் பேச்சு முடியாமல், அக்கா எங்களை வயலுக்கே கூட்டிக்கொண்டு போனார். மோட்டார் ரூம் வாசலில் நின்று முதலாளியிடம் தன் போனைக் கொடுத்தார்.

"நீங்கதான செஞ்சது. நீங்களே ஓட்டிக் காட்டுங்க சார். ஓடுச்சுண்டா நானே வச்சுக்கிறேன்."

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெசேஜ் அடித்தார். முதலில் ஸ்டார், பிறகு எண், கடைசியில் ஹாஷ். ஹாஷை விட்டுவிட்டார். தப்பு என்று பதில் வந்தது. மறுபடி அடித்தார். 'கமாண்ட் ஓகே' வந்தது. மோட்டார் அசையவில்லை. பெட்டியின் முன்னால் போய் நின்றார். சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அது மெதுவாக எரிந்தால் ஒரு அர்த்தம், வேகமாக எரிந்தால் வேறு அர்த்தம். அன்று அது கரண்ட் இல்லை என்று சொன்னது, ஆனால் எது எதற்கு என்று அவருக்கு நினைவில்லை. பெயர் எழுதாத நாலு பொத்தான்களில் ஒவ்வொன்றாக அமுக்கினார். திரையில் ஏதேதோ வந்து போனது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தன் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார்.

"உங்களுக்கும் ஆள் வேணுமா சார்?" என்று அக்கா கேட்டார்.

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முதலாளி போனை வைத்துவிட்டார். பெட்டியைக் கழற்றாமல் அப்படியே விட்டுவிட்டு, ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளும்படியும், அதற்குள் சரியாகவில்லை என்றால் தானே வந்து பணத்தைக் கொடுப்பதாகவும் அக்காவிடம் சொன்னார். கார் சமயநல்லூரைத் தாண்டியது. பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்ன செய்யலாம்?"

"இப்பத் தெரியல சார். அவங்க பெட்டிகிட்ட என்ன கேக்க நெனைக்கிறாங்கண்டு மொதல்ல தெரிஞ்சுக்கணும். அதுவரைக்கும் பெட்டிய மாத்த வேணாம். பெட்டிக்குப் பதிலா நான் பேசிப் பாக்குறேன்."

முதலாளி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

புதிதாக ஒரு சிம் வாங்கிக்கொண்டேன். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவர்களில் சிலர் வீட்டுக்கு அண்ணனோடு போய், அதே பெட்டியை மறுபடி மாட்டிவிட்டு, இனிமேல் மெசேஜ் அனுப்ப வேண்டாம், இந்த எண்ணுக்குப் போன் பண்ணுங்கள், நான்தான் எடுப்பேன், என்னையே பெட்டி என்று நினைத்துக்கொண்டு என்ன வேண்டுமோ சொல்லுங்கள் என்றேன். அவர்கள் சொல்வதை நான் மெசேஜாக்கிப் பெட்டிக்கு அனுப்புவேன். பெட்டி சொல்வதைத் தமிழாக்கி அவர்களுக்குச் சொல்வேன். வாடிப்பட்டி அக்கா சந்தேகமாகவே பார்த்தார். ஆனாலும் எண்ணைப் பதிந்துகொண்டார்.

மறுநாள் விடிந்ததுமே போன் அடிக்கத் தொடங்கியது. மோட்டாரைப் போடு என்று முதலில் சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

"கரண்ட் இருக்கா?" என்பதுதான் எல்லாருடைய முதல் கேள்வியும். எங்கள் பெட்டியில் அதைக் கேட்க வழியே கிடையாது. மோட்டாரைப் போடச் சொல்லி மெசேஜ் அனுப்பி, 'பேஸ் ஃபெயில்' வருகிறதா என்று பார்த்துத்தான் நான் பதில் சொல்வேன்.

ஓடுகிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். தென்னந்தோப்பு வைத்திருந்த ஒரு பெரியவர் தினமும் ஒரே மாதிரி கேட்பார். "தண்ணி வருதா, இல்ல சும்மா ஓடுதா?" இன்னொருவர் கல்யாண மண்டபத்திலிருந்து, மேளச் சத்தத்துக்கு நடுவே கத்தினார். "ஆத்தா, நான் பந்தியில உக்காந்துட்டேன். மோட்டார நிறுத்திட்டுச் சொல்லு, அப்பத்தான் சாப்பாடு எறங்கும்." எம்புட்டு நேரமாக ஓடுகிறது, இடையில் நின்றதா, நின்றால் ஏன் நின்றது, இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். கேட்டதையெல்லாம் எழுதி என் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டே வந்தேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டால் அந்தத் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவேன். கரண்ட் பற்றிய தாள்கள் ஜன்னல்வரை போய்விட்டன.

ஒரு நாள் காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது அம்மா போனை எடுத்துவிட்டார். கரண்ட் இருக்கா என்று கேட்டவரிடம், "இருக்குங்க, பேன் ஓடுது" என்று சொல்லியிருக்கிறார். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக் கரண்டைச் சொல்லியிருக்கிறார் என்பது தெரியாமல் அந்த மனிதர் தோட்டத்துக்குப் போய், கரண்ட் இல்லாத மோட்டாருக்கு முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு கூப்பிடும்போதெல்லாம், "பேசுறது பெட்டியா, பெட்டியோட அம்மாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைக் கேட்பார்.

வாடிப்பட்டி அக்கா மில்லுக்குப் போகும்முன் ஒரு தடவை மட்டும் கூப்பிடுவார். கரண்ட் இல்லை என்றால், வரும்வரை மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்து, மோட்டார் ஓடியதும் அவர் போனுக்குக் கூப்பிட்டு வைப்பேன். அவர் எடுக்க முடியாது. டீ நேரத்தில் என் எண்ணைப் பார்த்ததும் திரும்பக் கூப்பிடுவார். ஓடுதுக்கா, தண்ணி வருது என்பேன். சரி என்று வைத்துவிடுவார். இரண்டாவது வாரம் ஒரு நாள் வைக்காமல் கொஞ்சம் பேசினார்.

"நான் மறுபடி மறுபடி கேக்காம நீயாக் கூப்புட்டுச் சொல்றேல்ல, அது நல்லாருக்கு தங்கச்சி. இப்பல்லாம் மில்லுல எனக்கு வயல் நெனப்பே வாரதில்ல."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு ஷெட்டைச் சுற்றி ஓடிவரலாம் போல இருந்தது.

அந்த வாரங்களில் என்னோடு பேசிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூடப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சர்வீஸ் வேனைக் கூப்பிடவும் இல்லை. இத்தனைக்கும் அவர்களிடம் இருந்தது அதே பழைய பெட்டி. ஒரு திருகாணிகூட மாறவில்லை. மாறியது அது பேசிய விதம் மட்டும். இதை நான் கூட்டத்தில் சொல்வதற்கு முன்பே முதலாளி கண்டுபிடித்திருந்தார். வேன் ஏன் நின்றுகொண்டே இருக்கிறது என்று அண்ணனிடம் விசாரித்திருக்கிறார்.

அடுத்து, என் வேலையைப் பெட்டிக்கே கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. முதல் முயற்சி தோற்றுப்போனது. மேனேஜர் சென்னையில் ஆள் பிடித்து, அழகான குரலில் தூய தமிழில் பதிவு செய்து வாங்கியிருந்தார். 'வணக்கம். தற்போது மின்சாரம் தடைப்பட்டுள்ளதால் தங்கள் மோட்டார் இயங்கவில்லை.' பெட்டியே போன் பண்ணி அதைச் சொல்லும்படி செய்து அக்காவின் வயலில் மாட்டினோம். அவர் வணக்கம் என்ற சொல்லைக் கேட்டதுமே போனை வைத்துவிட்டார். பெட்டி மறுபடி கூப்பிட்டது. மறுபடி வைத்தார்.

"ஏன்க்கா வைக்கிறீங்க?"

"லோன் வேணுமாண்டு கேக்குறவகளும் இப்படித்தான் ஆரம்பிக்கிறாக."

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பேனை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க நானே பேசிப் பதிவு செய்தேன். வணக்கம் இல்லை. எடுத்த உடனே விஷயம். 'மோட்டார் ஓடுது. தண்ணி நல்லா வருது.' 'கரண்ட் இல்லைங்க. வந்ததும் மோட்டாரப் போட்டுட்டு நானே கூப்புடுறேன்.' 'கெணத்துல தண்ணி எறங்கிருச்சு. அதான் மோட்டார நிறுத்திட்டேன்.' போனில் அவர்களோடு பேசிய அதே தோரணையில், அதே சொற்களில் சொன்னேன்.

பெட்டியின் முகத்தையும் மாற்றினோம். திரையை எடுத்துவிட்டோம். பெயரில்லாத பொத்தான்களை எடுத்துவிட்டு, பச்சையில் ஒன்றும் சிவப்பில் ஒன்றுமாகக் கட்டைவிரல் அகலத்தில் இரண்டு பொத்தான்கள் வைத்தோம். விட்டுவிட்டு எரியும் விளக்குக்குப் பதிலாக, கரண்ட், மோட்டார், தண்ணீர் என்று தமிழில் எழுதிய மூன்று விளக்குகள். மேனேஜருக்கு மனசே ஆறவில்லை.

"மத்தவங்க கூட்டிக்கிட்டே போறாங்க. நாம கொறைச்சுட்டு எப்படி சார் விக்கிறது?"

முதலாளி புதுப் பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை போனதால் செய்கிற செலவும் குறைந்திருந்தது. ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை.

"அந்தம்மா முன்னாடி நான் நின்னேன்ல, நீங்க நிக்கல. இதத்தான் விக்கப் போறோம்" என்றார். அவர் முழுதாக முடித்த வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

வாடிப்பட்டிக் கடைக்காரர் முதலில் தொடவே மாட்டேன் என்றார். கல்லா பக்கத்தில் ஒரு பெட்டியை மட்டும் பல்போடு மாட்டி வைக்க விட்டார். வருகிறவர்களே தங்கள் போனில் கூப்பிட்டுப் பார்க்கட்டும் என்று பெட்டியின் எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டினோம். அந்த வாரச் சனிக்கிழமை கடைக்காரரே எனக்குப் போன் பண்ணினார். அவர் குரலுக்குப் பின்னால் ஒரே கூட்டம்.

"தங்கச்சி, வெளக்கிச் சொல்றதுக்கு எனக்கு ஒரு வேலையும் இல்ல. அவங்களாக் கூப்புடுறாங்க, அவங்களாச் சிரிக்கிறாங்க, எடுத்துக்கிட்டுப் போறாங்க. இன்னும் எம்புட்டு இருக்கோ அம்புட்டையும் ஏத்தி விடு."

அதற்குப் பிறகு நடந்தவை எனக்கே வேகமாகத்தான் தெரிந்தன. திரும்பி வரும் பெட்டிகள் குறைந்து, பிறகு வருவது அபூர்வமாகிவிட்டது. அலமாரி காலியாயிற்று. பழுது பார்க்கப் போன வேன், புதிதாக மாட்டப் போக ஆரம்பித்தது. வெளியூர்க் கம்பெனியின் ஆப் வைத்த பெட்டியை வாங்கியவர்கள், அதைக் கழற்றிவிட்டு எங்களுடையதை மாட்டச் சொல்லி அண்ணனைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஒரு நாள் என் மேசைக்கு வந்து, அடுத்த மாடலில் இன்னும் எதை எடுக்கலாம் என்று கேட்டார். அவர் கேட்டதை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன்.

ஆரப்பாளையத்திலிருந்து வாடிப்பட்டிக்குப் பஸ்ஸில் போனபோது நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்து வரிசையில் இருந்தவருக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். 'கரண்ட் வந்துருச்சு. மோட்டாரப் போட்டுட்டேன்' என்று என் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"யாருண்ணே பேசுறது?" என்று கேட்டேன்.

"எங்க தோட்டத்து மோட்டாரு" என்றார் அவர், தம்பியோ மச்சானோ பேசியதுபோல. "யாரோ நம்ம பக்கத்துப் பிள்ள பேசிக் குடுத்துருக்கு. வெவரமான பிள்ள."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொல்லியிருக்கலாம். அவர் சொன்னதை அப்படியே வைத்துக்கொள்ளத்தான் பிடித்திருந்தது.

அடுத்த ஆண்டு, மோட்டார் செய்யும் பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தங்கள் மோட்டாரோடு சேர்த்து விற்க ஒரு ஸ்டார்ட்டர் வேண்டுமாம். லேப்டாப்பைத் திறந்து, அது இருக்கிறதா, இது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனார்கள். பெரும்பாலானவை எங்களிடம் இல்லை. நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது முதலாளி எழுந்துவிட்டார். ஷெட்டின் மூலையில் தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும் பெட்டியும் வைத்திருந்தோம். அவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போனார்.

"மொதல்ல நீங்களே ஓட்டிப் பாருங்க சார். நம்பர் மேலேயே எழுதியிருக்கு. நாங்க டீ சொல்லிட்டு வாரோம்."

வேறு ஒரு சொல்லும் சொல்லாமல் என்னையும் அண்ணனையும் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்றோம். எனக்கு உள்ளே போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும்போல் கால் பரபரத்தது. அண்ணன் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். டீ வருவதற்கு முன்பே உள்ளே மோட்டார் உறுமியது. குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் கேட்டது. தொடர்ந்து சிரிப்புச் சத்தம்.

"ஒன்கூடத்தான் பேசிக்கிட்டு இருக்காங்க" என்றார் முதலாளி.

அன்று சாயங்காலமே ஆர்டர் எங்கள் கைக்கு வந்தது. அதுவரை நாங்கள் செய்ததையெல்லாம் சேர்த்தால்கூட அதற்குப் பக்கத்தில் வராது. அவர்களை வழியனுப்பிவிட்டு முதலாளி ஷெட்டுக்குள் வந்தார். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தோம்.

"நாளையிலருந்து ரெண்டு ஷிப்டு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒனக்கு எத்தனை ஆள் வேணும்?" என்று கேட்டார்.